பூ ஒட்டிய பிட் ஹோல்டர்

மிஷின் கைநழுவிக் கீழே விழுந்தபோது தமிழ்மாறனுக்கு மிஷினைப் பற்றிய கவலை வரவில்லை. அதன் அடியில் மாட்டியிருந்த பிட் ஹோல்டர் என்ன ஆயிற்றோ என்றுதான் கூரைச் சட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

டி. கல்லுப்பட்டிக்குப் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்துக்குத் தகரக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு முன் முடித்துத் தரச் சொல்லி மண்டபத்துக்காரர் நெருக்கியதால் தூறலிலும் வேலை நடந்தது. நனைந்த தகரத்தில் செருப்பு நிற்காது, வெறுங்கால்தான். இரும்புச் சட்டத்தைக் கால் விரல்களால் கவ்விக்கொண்டு, இடது கையால் தகரத்தை அழுத்தி, வலது கையில் இம்பாக்ட் மிஷினைப் பிடித்துத் திருகாணியை இறக்க வேண்டும். திருகாணி இரும்பைத் துளைக்கும்போது எழும் தடதட சத்தம் தோள்பட்டை வரை ஏறும். சாயங்காலம் சோற்றைப் பிசையும்போதும் அந்த நடுக்கம் விரலில் இருக்கும்.

வேலையில் திருகாணி மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப மிஷினின் வாயில் செருகும் பிட்டையும் மாற்ற வேண்டும். மேலே நிற்பவனுக்குப் பை தேடக் கை கிடையாது. அதனால் பிட்டுகளை எல்லோரும் வாயில் கவ்விக்கொள்வார்கள். தமிழ்மாறனும் அப்படித்தான் இருந்தான். ஒருநாள் உதடு கிழிந்து, சட்டை முன்பக்கம் ரத்தமாக வீட்டுக்கு வந்ததைப் பார்த்த அவன் மனைவி கனகா அடுத்த வாரமே டவுனுக்குப் போய் ஒரு பிட் ஹோல்டர் வாங்கி வந்தாள். கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. மிஷினின் அடிப்பாகத்தில், பேட்டரிக்கு மேலே, பக்கவாட்டில் இரண்டு சின்னத் திருகாணியில் நிற்கும். ஆறு பிட்டுகளைச் செருகலாம், கட்டைவிரலால் நெம்பி எடுக்கலாம். அவர்களுடைய மகள் ஆர்த்திகா தன் பங்குக்கு அதன்மேல் ஒரு சிவப்புப் பூ ஸ்டிக்கரை ஒட்டினாள். அது வெயிலில் வெளிறிப் பாதி உரிந்த பிறகும் தமிழ்மாறன் அதைப் பிய்த்துப் போடவில்லை.

அவனைப் பார்த்து மேஸ்திரி தவசியும் அவன் தம்பி முத்துக்குமரனும் ஆளுக்கொரு ஹோல்டர் வாங்கி மாட்டினார்கள். தவசியுடையது மஞ்சள். முத்துக்குமரனுடையது வெறும் கறுப்பு. மூன்று மிஷின்களும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், கைப்பிடியில் ஒரே கறுப்பு டேப் சுற்று. அதனால் எது யாருடையது என்று பார்க்க ஹோல்டரைத்தான் பார்ப்பார்கள். மிஷினைப் பார்க்கும் வழக்கமே விட்டுப்போயிற்று.

கீழே சிமெண்டுத் தரையில் ஹோல்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. தவசி குனிந்து மிஷினை எடுத்தான். ஹோல்டர் இருந்த இடத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஹோல்டர் ஒடஞ்சிருச்சாண்ணே?" என்று தமிழ்மாறன் மேலிருந்து கேட்டான்.

"எறங்கி வா."

அவன் ஏணியில் இறங்கி வந்தான். கையிலிருந்த ஈரத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இது யாரு மிஷினு?"

"என்னதுதாண்ணே."

"அப்ப இந்த வேலு யாரு போட்டது?"

ஹோல்டர் மறைத்திருந்த இடத்தில் விரல்நீளத்துக்கு ஒரு வேல் இருந்தது. சூடு காட்டிய ஊசியால் தவசி தன் சாமான் எல்லாவற்றிலும் போடும் வேல். ஏணியில் இருக்கும், கட்டிங் மிஷினில் இருக்கும், சோற்று வாளியின் மூடியில்கூட இருக்கும். தமிழ்மாறன் அதைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிற சுபாவம் அவனுக்கு. கொஞ்சம் சிரித்தபடி சொன்னான்.

"தெரியலையேண்ணே. ஒங்க வீட்டுல ஆத்தா ஆயுத பூசை போட்டதுலருந்து மிஷினு புதுசு கணக்கா ஓடுது. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

அவன் சொன்னதில் பொய் ஒரு துளியும் இல்லை. ஆனால் கேட்டவன் காதில் அது கேலியாக விழுந்தது. பத்து நாளைக்கு முன்புதான் தவசியின் கையிலிருந்த மஞ்சள் ஹோல்டர் மிஷின் புகைந்து நின்றுபோனது. வாங்கி நாலு மாதம்கூட ஆகாத மிஷின். சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் அங்கிருந்தவன் உள்ளே திறந்து பார்த்துவிட்டு, தேய்ந்து ஓய்ந்ததைக் கொண்டுவந்து புதிது என்கிறீர்களே என்று நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு தவசியின் நெஞ்சுக்குள் கிடந்து கனன்றுகொண்டிருந்தது.

"புதுசு கணக்காவா ஓடுது?" என்றான்.

காலடியில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து வீசினான். அது தமிழ்மாறனின் இடது காதோடு சேர்த்துக் கன்னத்தில் விழுந்தது. அவன் பக்கவாட்டில் சாய்ந்து மணல் குவியலில் விழுந்து, கையூன்றி எழப் பார்த்தான். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. அடுத்த அடி முதுகில் விழுந்தது. தவசி அடித்துக்கொண்டே பேசினான். ஹோல்டரைக் கழற்றி மாற்றி மாட்டிவிட்டுப் பழைய மிஷினைத் தன் தலையில் கட்டிய கள்ளன் என்றான். உங்க ஆளுகளை வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் கூரைக்கு மேலே ஏற்றியது என் தப்பு என்றான். அதற்கு மேலும் சொன்னான். சொன்னதை எழுதினால் எழுதுகிறவனுக்கும் படிக்கிறவருக்கும் நாக்குதான் அழுக்காகும்.

முத்துக்குமரன் மேலேயிருந்து ஏணிகூட இல்லாமல் தூணைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி வந்தான். அவனும் தமிழ்மாறனும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், வேலைக்குப் போனதும் ஒரே நாளில். அண்ணனைத் தடுக்க அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தைரியம் கிடையாது. அதனால் தமிழ்மாறனைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்துப் பின்னாலிருந்து இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தான். பிடித்தது விலக்கத்தான். ஆனால் பிடிபட்டவனால் குனியவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. தவசிக்கு அது வசதியாயிற்று.

"எந்தக் கையில மாத்துன?"

வலது கை மணிக்கட்டைப் பிடித்து அடுக்கி வைத்திருந்த இரும்புச் சட்டத்தின்மேல் அழுத்தி, சுத்தியலால் இரண்டு முறை அடித்தான். முதல் அடியில் தமிழ்மாறன் கத்தினான். இரண்டாவது அடிக்குச் சத்தம் வரவில்லை. சித்தாள் பெண்கள் இருவர் சிமெண்டுச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே விழுந்த பிறகுதான் சுத்தியல் நின்றது. அவர்களில் ஒருத்தி தன் தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றினாள். அவள் பெயரை இன்றுவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முத்துக்குமரன்தான் 108-க்குப் போன் செய்தான். வண்டியில் உடன் போனவனும் அவன்தான். தவசி மிஷினையும் உடைந்த ஹோல்டரையும் சாட்சிக்கு என்று வாரிப் போட்டுக்கொண்டு தன் லோடு வண்டியில் ஊருக்குப் போய்விட்டான்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கனகா வந்து சேர்ந்தபோது கையில் சோற்றுத் தூக்கு இருந்தது. தையல் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்குத் திறந்த தூக்கை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தாள். ஆர்த்திகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு நாகஜோதியிடம் போனில் சொல்லியிருந்தாள். வார்டு வாசலில் நின்ற முத்துக்குமரனிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் அழுதுகொண்டே சொன்னான். கேட்டு முடித்தவள், நீ போ, உன்னைப் பார்த்தால் அவர் பதறுவார் என்று மட்டும் சொன்னாள்.

தமிழ்மாறனின் முகம் ஒரு பக்கம் பூசணியாக வீங்கியிருந்தது. கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, காலையில் பிளேட் வைத்துத் திருகாணி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கள்ளன்னு சொல்லிட்டாரு கனகா" என்றான்.

சிறிது நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னான். எல்லோரும் கேட்டார்கள் என்றான். மண்டபத்துக்காரர் கேட்டார், சித்தாள்கள் கேட்டார்கள், நாளைக்கு ஊர் கேட்கும், ஆர்த்திகாவின் பள்ளிக்கூடம் கேட்கும் என்றான். பூட்டிய வீட்டுக்குக்கூட அவனை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், உள்ளே போய்க் கூரை வேலை முடித்துவிட்டு வருவான். அந்த நம்பிக்கைதான் அவனுடைய முதல். கை சேர்ந்துவிடும். இந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் ஒருவரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது கனகாவுக்கும் தெரியும்.

"நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"ஒனக்குத் தெரிஞ்சு என்ன?"

அந்த நேரத்தில்தான் கனகாவின் தம்பி இம்மானுவேல் வந்தான். பரவை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை ஏற்றி இறக்குபவன். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோவும் வைத்திருந்தான். அக்கா கல்யாணமாகிப் போன வீட்டில் அவனுக்கு ஒரு தட்டும் ஒரு தலையணையும் எப்போதும் உண்டு. அவனுக்கு முதல் செல்போன் வாங்கிக் கொடுத்தது தமிழ்மாறன்தான். இம்மானுவேல் கட்டில் ஓரம் நின்று அந்தக் கையைப் பார்த்தான். யார் யார் இருந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டான். வலி மருந்தின் மயக்கத்தில் இருந்த தமிழ்மாறன் சொன்னான்.

"முத்து பிடிச்சிருந்தான். அவரு அடிச்சாரு."

நான்கே சொல். சொன்னவன் கண்ணை மூடிக்கொண்டான். இம்மானுவேல் அக்காவிடம் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கனகா காத்திருந்தாள். டீ வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வாழைத்தார் வெட்டும் நீள அரிவாள் ஒன்று அவன் வண்டியில் சாக்குக்குக் கீழே எப்போதும் கிடக்கும் என்பது அவள் நினைவுக்கு வந்தது. தவசியின் வீட்டுக்குத்தான் போயிருப்பான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவியிடம், இவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கம்மா என்றாள். அந்த அம்மாள் என்ன ஏது என்று கேட்கவில்லை, நீ போயிட்டு வா தாயி என்றாள். கனகா ஆரப்பாளையம் வரை நடந்தும் ஓடியும் போய், பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு ஆட்டோவைப் பிடித்தாள்.

பரவையைத் தாண்டிக் கால்வாய்க்கரையில் இருக்கிறது அவர்கள் ஊர். இந்தக் கரையில் தமிழ்மாறனின் காலனி. அந்தக் கரையில் தவசியின் வீடு, அதன் பின்னால் அவர்களுடைய நெல் வயல். நடுவில் ஒரு பாலம்.

தவசி வந்து மிஷினை வீட்டுத் தரையில் வீசியபோது அவன் தாய் அழகம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தாயே, அவன் செய்த வேலையைப் பார் என்றான். கையை உடைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றும் சொன்னான். அழகம்மாள் முறத்தை வைத்துவிட்டு மிஷினை எடுத்தாள். அதிலிருந்த வேல் குறியைப் பார்த்தாள். வேலுக்கு நடுவில் காய்ந்திருந்த சந்தனத்தையும் அதன்மேல் ஒட்டியிருந்த குங்குமத்தையும் பார்த்தாள். பூ ஒட்டிய ஹோல்டரின் உடைந்த துண்டைப் புரட்டினாள். அதன் முதுகிலும் சந்தனம் ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்தச் சந்தனத்தில் வேல் அச்சாகப் பதிந்திருந்தது.

துண்டை மிஷினின்மேல் வைத்துப் பார்த்தாள். அச்சும் வேலும் பொருந்தின.

ஆயுத பூசைக்கு முதல் நாள் மூன்று மிஷின்களும் அவள் வீட்டில் இருந்தன. தமிழ்மாறன் தன்னுடையதையும் அங்கேதான் வைத்துவிட்டுப் போவான். பிள்ளைகளின் சாமானுக்கு மட்டும் பொட்டு வைத்து அவன் சாமானை மூலையில் போட அவளுக்கு மனம் வராது. வருடம் தவறாமல் அவன் மிஷினுக்கும் சேர்த்துத்தான் பூசை. இந்த வருடம் ஹோல்டர்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்ததால் அவற்றைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மிஷின்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். ஒன்றில் வேல் இருந்தது. முருகன் வேலாயிற்றே, சும்மா விடுவதா என்று அதன்மேல் ஒரு பொட்டு வைத்தாள். சந்தனம் காயும் முன்பே ஹோல்டர்களைத் துடைத்துக் கைக்கு வந்த வரிசையில் மாட்டிவிட்டாள். மூன்றும் ஒன்றுபோல இருக்கின்றன, எதை எங்கே மாட்டினால் என்ன என்று நினைத்தாள். வேறு எவர் கழற்றி மாட்டியிருந்தாலும் காய்ந்த சந்தனம் உதிர்ந்திருக்கும். ஈரத்தில் மாட்டியதால்தான் அச்சு விழுந்திருந்தது. ஈரத்தில் மாட்டியவள் அவள்.

பூசை முடிந்த மறுவாரம் தமிழ்மாறன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றதும் அவளுக்கு நினைவு வந்தது. உங்க கைராசி ஆத்தா, மிஷினு பிச்சுக்கிட்டு ஓடுது என்றான். மாற்றி எடுத்தவன் அதை வந்து சொல்லுவானா.

"நான்தான்டா கழட்டி மாட்டுனேன்" என்றாள் மகனிடம்.

தவசிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த ஒரு நொடி அவனுக்குக் கிடைத்திருந்தது. ஒவ்வொரு மனிதனுக்கும் கடவுள் அப்படி ஒரு நொடியைத் தருகிறார் என்றுதான் நினைக்கிறேன். அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"வாய மூடு. இது வெளிய தெரிஞ்சா நான் உள்ள போயிருவேன். அவன்தான் எடுத்தான், அம்புட்டுத்தான்" என்றான். சட்டையை மாற்றிக்கொண்டு கொல்லைப் பக்கமாக இறங்கி வரப்போடு போய்விட்டான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்து முத்துக்குமரன் வந்தான். தாய் அவனிடமும் சொன்னாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். லோடு ஆட்டோ பாலம் ஏறி வந்தபோதும் அவன் எழுந்து ஓடவில்லை.

இம்மானுவேலும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் இறங்கினார்கள். தவசி எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்று முத்துக்குமரன் சொன்னதும் ஒருவன் உருட்டுக்கட்டையால் முழங்காலில் அடித்தான். முத்துக்குமரன் படியிலிருந்து சேற்றில் விழுந்தான். இன்னொருவன் ஜன்னல்களை உடைத்தான். கண்ணாடி மழையோடு சேர்ந்து கொட்டியது. அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அழகம்மாள் உடைந்த ஹோல்டர் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் செய்தது, நான் செய்தது என்று அவர்களுக்கு நடுவே ஓடினாள். அவளை ஒருவன் தள்ளிவிட்டான். அவள் உரலில் மோதி விழுந்தாள்.

"பிடிச்சியாமே" என்றான் இம்மானுவேல். "எங்க மச்சானைப் பிடிச்சியாமே. எந்தக் கையி?"

முத்துக்குமரன் சேற்றில் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான்.

அரிவாள் முழங்கையைக் குறி வைத்து இறங்கியது. மழையில் வழுக்கி மேல்கையில் பட்டது. சதை பிளந்து எலும்பு தெரிய, ரத்தம் பீறிட்டு இம்மானுவேலின் முகத்திலேயே அடித்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினான்.

பாலம் தாண்டி வந்த ஆட்டோ முழுதாக நிற்கும் முன்பே கனகா குதித்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேற்றில் மண்டியிட்டு, பிளந்த இடத்தை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். அழுத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் சூடாக வந்தது. இன்னும் அழுத்தினாள்.

"தள்ளுக்கா" என்றான் இம்மானுவேல்.

"கைய எடுத்தா இவன் செத்துருவான்."

"சாகட்டும். தள்ளு."

"நான் எடுக்க மாட்டேன். வெட்டணும்னா எங்கையோட சேத்து வெட்டு."

அவன் சுற்றி வந்தான். வலப்பக்கம் வந்தான், இடப்பக்கம் வந்தான். எந்தப் பக்கம் வந்தாலும் அக்காவின் கை இருந்தது. அந்தக் கை அவனுக்குத் தலை வாரிய கை. அரிவாள் ஓங்கியபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தானாக இறங்கியது.

அழகம்மாள் தவழ்ந்தே வந்து ஹோல்டர் துண்டைக் கனகாவின் முகத்துக்கு நேரே காட்டினாள். நெற்றி உடைந்து அவள் கண்ணிலும் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. துண்டு நனையாமலிருக்க அதன்மேல் தன் முந்தானையைக் குடை பிடித்திருந்தாள். பூசையன்று நடந்ததைச் சொன்னாள். சந்தனத்தில் விழுந்திருந்த வேல் அச்சைக் காட்டினாள்.

"எங்கிட்டச் சொல்லாதீங்க. எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் கனகா. "அவருகிட்டச் சொல்லுங்க. எத்தன பேரு முன்னால கள்ளன்னு சொன்னாகளோ அத்தன பேரு முன்னாலயும் சொல்லுங்க. போலீஸ்லயும் சொல்லணும். ஒங்க மகன் உள்ள போவாரு. சொல்லுவீகளா?"

அழகம்மாள் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு மகன் சேற்றில் கிடந்தான், ஒரு மகன் எந்த வரப்பில் ஓடுகிறானோ.

"சொல்லுறேன்" என்றாள்.

கனகா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "வண்டிய எடு" என்றாள்.

வெட்டியவன்தான் வண்டியை ஓட்டினான். பின்னால் தக்காளிச் சாக்குகளின் மேல் முத்துக்குமரனைக் கிடத்தி, கனகா அந்தப் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள். வைகைப் பாலம் வரும்போது அவள் கை மரத்துவிட்டது. அழகம்மாள் தன் கைகளை அவள் கைகளின்மேல் வைத்து அழுத்தினாள். நகரத்துக்குள் சிக்னலில் நின்றபோது இம்மானுவேல் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதான். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். எடுறா என்றாள் அக்கா.

முத்துக்குமரனுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். இம்மானுவேல் அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போய் அரிவாளைக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் தமிழ்மாறனை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தோளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்து, முகத்துக்கு நேரே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். வலி இல்லை. திடீரென்று அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அவன் உடம்பு துள்ளியது. வருடக்கணக்காகத் தோளில் ஏறிக்கொண்டிருந்த சத்தம். இப்போது அவன் எலும்புக்குள் திருகாணி இறங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒன்றும் தெரியவில்லை, பல்லில் மட்டும் மெல்லிய அதிர்வு. கண்ணில் நீர் வழிவதைப் பார்த்த நர்ஸ் நெற்றியில் கையை வைத்து, வலிக்குதாப்பா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். பிட்டெல்லாம் எங்கக்கா மாட்டி வெப்பீங்க என்று கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. மயக்கம் என்று நினைத்துக்கொண்டு நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவனை வார்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகு அழகம்மாள் வந்தாள். நெற்றியில் தையல் போட்டிருந்தது. உடன் ஒரு ஏட்டு வந்தார். காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். அங்கிருந்து டி. கல்லுப்பட்டிச் சாலை மண்டபத்துக்குப் போன் போடச் சொல்லி, மண்டபத்துக்காரரிடமும் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். தவசி கொட்டாம்பட்டியில் மாமன் வீட்டில் இருப்பான் என்று சொன்னவளும் அவள்தான். சொல்லிவிட்டு ஸ்டேஷன் வாசலில் வாந்தி எடுத்தாள் என்று ஏட்டு பிறகு கனகாவிடம் சொன்னார்.

வார்டில் இருபது கட்டில்கள் இருக்கும். துணைக்கு வந்தவர்கள் தரையெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அழகம்மாள் கட்டில் கால்மாட்டில் நின்று, கொஞ்சம் உரக்கவே சொன்னாள். இந்தப் பிள்ளை எதையும் எடுக்கவில்லை, மாற்றி மாட்டியது நான், என் மகன் இவன் கையை உடைத்தது அநியாயம். சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஹோல்டரின் இரண்டு துண்டுகளையும் எடுத்து அவன் இடது கையில் வைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்காரரின் மனைவி, அதானே, மூஞ்சியப் பார்த்தா தெரியலையா என்றாள்.

தமிழ்மாறன் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தான். ஸ்டிக்கரில் மிச்சமிருந்த பாதிப் பூ விரிசலுக்கு இந்தப் பக்கம் முழுதாக இருந்தது. முதுகைத் திருப்பினான். வேல் அச்சைக் கட்டைவிரலால் தொட்டான். சந்தனம் கொஞ்சம் உதிர்ந்தது.

"அப்ப கைராசி இல்லையா ஆத்தா?" என்றான். வீங்கிய வாயில் சொல் குழறியது. "நான் எங்க தெரு பூரா சொல்லி வெச்சிருந்தேனே."

அழகம்மாள் அதற்குத் தயாராக வரவில்லை. திட்டுவான் என்று நினைத்திருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்திருந்தாள். நின்றபடியே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முத்துக்குமரன் படுத்திருந்த வார்டு மாடியில் இருந்தது. அங்கே போக வேண்டும். எங்கே நிற்பது, எங்கே உட்காருவது, இனி எந்த முகத்தோடு பாலத்தைக் கடப்பது என்று எதுவும் தெரியாமல் அப்படியே நின்றாள்.

கனகா அவளைப் பார்க்கவில்லை. மன்னிப்பதற்கு இன்னும் நாள் இருந்தது, ஒருவேளை வராமலே போகலாம். ஆனால் நிற்பவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் கண்ணில் பட்டது. பெஞ்சில் தன் பக்கத்தில் வைத்திருந்த சோற்றுத் தூக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு இன்னொருவர் உட்காரும் அளவுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.